சாரோங், கெபாயா, கலப்புக் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூர், மலாக்கா பக்கத்துக் கலப்புக் குடும்பங்களின் பழைய துணிகளைப் பார்ப்பது, அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் கதைகளைக் கேட்டு எழுதி வைப்பது, அப்புறம் ஆர்வமுள்ளவர்களோடு உட்கார்ந்து குடும்பக் கதையைத் துணியில் தைத்துச் சொல்லும் புதிய துணிக்கதை தைப்பது: சில காலமாக இதுதான் என் வேலை. தையல் வகுப்பிலும் வாட்ஸ்அப்பிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

கலப்பு அடையாளத்தைப் பற்றிப் பேச வந்துவிட்டு ஏன் துணியைப் பிடித்துக்கொண்டீர்கள்?

காகிதத்தில் கலப்புக் குடும்பம் பாதிதான் இருக்கும். அப்பாவின் பெயர், அவர் செய்த வியாபாரம், கட்டிய கோயில் வரைக்கும் ஏதாவது பதிவு கிடைக்கும். மலாக்காவில் வந்து தங்கிய தமிழ் வணிகரோ சீன வணிகரோ கட்டிக்கொண்ட உள்ளூர்ப் பெண்ணின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. ஆனால் அந்த வீட்டுப் பெண்கள் அடுத்த பல தலைமுறைக்கு அவளுடைய உடையைத்தான் உடுத்தினார்கள். ஆண்கள் சீன அங்கியிலோ கோட்டு சூட்டிலோ நிற்க, பெண்கள் எல்லோரும் இடுப்பில் சுற்றும் சாரோங்கில் உட்கார்ந்திருக்கும் பழைய குடும்பப் படங்கள் பெரனாக்கான் என்ற கலப்பு வம்சத்து வீடுகளில் நிறைய உண்டு. அந்தப் படத்தில் பெயர் தெரியாத முதல் அம்மா இருக்கிறாள். அவளைத் தேட எனக்குத் தெரிந்த நல்ல வழி துணிதான்.

பெரனாக்கான் என்றால் சீனர்கள்தானே?

பெரும்பான்மை அவர்கள். ஆண்களை பாபா என்றும் பெண்களை நோன்யா என்றும் சொல்வார்கள். ஆனால் அந்தச் சொல் இங்கேயே பிறந்து வேர்விட்ட பல கலப்பு வம்சங்களுக்கும் பொது. தமிழ் முஸ்லிம் ஆண்களுக்கும் மலாய்ப் பெண்களுக்கும் பிறந்தவர்கள் ஜாவி பெரனாக்கான். 1876இல் சிங்கப்பூரில் அதே பெயரில் மலாய் மொழிப் பத்திரிகை நடத்தியவர்கள் அவர்கள். தமிழ் இந்துக்களின் வழிவந்தவர்கள் மலாக்கா செட்டிகள். அவர்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன். போர்த்துகீசியக் கலப்பில் வந்த மலாக்கா கிறிஸ்தாங் மக்களைப் பொதுவாகப் பெரனாக்கான் என்று அழைப்பதில்லை, ஆனால் அவர்கள் வீட்டுப் பாட்டிமார்களும் கெபாயா ரவிக்கைதான் போட்டார்கள்.

சாரோங் எது, கெபாயா எது? பார்த்தால் எப்படிப் புரிந்துகொள்வது?

இடுப்பில் சுற்றுவது சாரோங். நம் ஊர்க் கைலி போலத்தான், ஏறக்குறைய 2 மீட்டர் நீளம், ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். அதன் பரப்பில் இரண்டு பகுதி உண்டு. அகலமான ஒரு பட்டை மட்டும் வேறு நிறத்தில், வேறு வடிவத்தில் இருக்கும். அதற்குத் ‘தலை’ என்று பொருள்படும் ‘கெப்பாலா’ என்று பெயர். மீதிப் பகுதி ‘பாடான்’, அதாவது உடல். கட்டும்போது தலை முன்பக்கம் தெரிய வேண்டும்.

மேலே போடும் திறந்த ரவிக்கை கெபாயா. பொத்தான் கிடையாது. ‘கெரோசாங்’ எனப்படும் மூன்று ஊசிப்பதக்கங்களைச் சங்கிலியால் கோத்து மாட்டுவார்கள். பழைய வகையில் மேலே இருப்பது பெரிதாக, இதய வடிவில் இருக்கும். அதைத் தாய் என்பார்கள், கீழே உள்ள இரண்டும் பிள்ளைகள்.

நோன்யாக்கள் முதலில் முழங்காலுக்குக் கீழே வரும் நீளமான, கனமான மேலாடைதான் அணிந்தார்கள். 1920களுக்குப் பிறகு இடுப்பளவு கெபாயா பரவியது. ஜாவாவில் டச்சுக்காரிகளும் அவர்களின் கலப்பு மகள்களும் வெள்ளைத் துணியில் ஐரோப்பிய லேஸ் வைத்துத் தைத்துப் போட்ட மாதிரியைப் பார்த்து, நோன்யாக்கள் லேஸுக்குப் பதிலாகத் தையல் இயந்திரத்திலேயே பூவேலை செய்துகொண்டார்கள். ‘வாயில்’ (voile) என்ற மெல்லிய துணியில் ஓட்டையின் விளிம்பைச் சுற்றித் தைத்து, நடுவை வெட்டி எடுக்கும் வேலை இருக்கிறதே, அதுதான் ‘தெபோக் லூபாங்’. கத்தரி ஒரு நூல் தள்ளிப் போனாலும் சட்டை போச்சு.

ஒரே துணியில் கலப்பு எங்கே தெரியும்? உதாரணம் சொல்லுங்கள்.

ஜாவாவின் வடகரையில் பெக்கலோங்கான் என்ற ஊர் இருக்கிறது. 1900ஐ ஒட்டி அங்கே செய்த சாரோங் ஒன்றை விரித்தால் என்ன பார்க்கலாம் என்று சொல்கிறேன். உடல் பகுதியில் பூங்கொத்து. ஐரிஸ், லில்லி, சில சமயம் அன்னம். ஐரோப்பியத் தோட்டக்கலைப் புத்தகங்களின் சாயல் அதில் உண்டு. இதே கொத்து சீன வீட்டுக்கு என்று வரையப்பட்டிருந்தால் பக்கத்தில் பியோனிப் பூ, ஃபீனிக்ஸ் பறவை, வண்ணத்துப்பூச்சி வரும். பழைய பாணித் துணியாக இருந்தால் தலைப் பகுதியில் எதிரெதிராக நிற்கும் நீளமான முக்கோண வரிசை இருக்கும். அதன் பெயர் தும்பால். இந்த வரிசை சோழமண்டலக் கரையிலிருந்து தென்கிழக்காசியாவுக்குப் போன துணிகளிலும் இருக்கிறது. மெழுகைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கோடு இழுத்தது ஜாவாப் பெண்ணின் கை. வெளிர் நீலம், ரோஸ் எல்லாம் ஐரோப்பாவில் செய்த ரசாயனச் சாயம். வாங்கி உடுத்தியது மலாக்காவில் ஒரு நோன்யாவாக இருக்கலாம்.

இப்படி மெழுகால் வரைந்து சாயம் ஏற்றும் துணிக்குப் பத்திக் என்று பெயர். அதில் ‘பத்திக் தீகா நெகெரி’ என்று இன்னொரு வகை. மூன்று ஊர்த் துணி. சிவப்புக்கு லாசெம், நீலத்துக்குப் பெக்கலோங்கான், பழுப்புக்கு சோலோ என்று ஒரே துணி ஊர் ஊராகப் பயணம் செய்து சாயம் ஏறி வரும். எல்லா நிறத்தையும் ஒரே பட்டறையில் ஏற்ற முடியும் என்றான பிறகும் அந்தத் தோற்றத்தை விட்டுவிட யாருக்கும் மனம் வரவில்லை.

‘பாகி சோரே’, அதாவது காலை மாலை, என்ற வகை எனக்கு மிகவும் பிடித்தது. துணியைக் குறுக்காகப் பிரித்து ஒரு பாதியில் ஒரு வடிவம், ஒரு நிறம். மறு பாதியில் முழுக்க வேறு. காலையில் ஒரு பக்கம் தெரியக் கட்டலாம், மாலையில் திருப்பிக் கட்டினால் வேறு துணி. தையல் வகுப்புக்கு வரும் கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள் இதைப் பார்த்ததும் சிரித்துவிடுவார்கள். அவர்களுக்கு விளக்கமே தேவைப்படுவதில்லை.

ஐரோப்பியப் பெண்கள் எதற்கு பத்திக் தொழிலில் இறங்கினார்கள்?

அவர்களில் பலர் ஜாவாவிலேயே பிறந்த கலப்பு மகள்கள். ‘இந்தோ’ என்று அழைக்கப்பட்டவர்கள். டச்சு அப்பா, உள்ளூர் அம்மா அல்லது பாட்டி. வீட்டுக்குள் சாரோங்கும் கெபாயாவும்தான் உடை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் துணி வரத்துக் குறைந்தபோது அந்தச் சந்தையில் இடம் காலியானது. 1840களிலேயே கரோலினா வான் ஃப்ராங்கெமோன் என்பவர் செமாராங் பக்கம் பட்டறை போட்டுவிட்டார். அவர் துணியின் பச்சை நிறம் பேர் பெற்றது. பெக்கலோங்கானில் லீன் மெட்ஸெலார், எலிசா வான் ஸாய்லன் ஆகியோர் பெரிய பெயர்கள். எலிசா 1863இல் பத்தாவியாவில், இன்றைய ஜகார்த்தாவில் பிறந்து, 1890 முதல் பட்டறை நடத்தியவர். துணியின் ஓரத்தில் தன் கையெழுத்தை மெழுகிலேயே போட்டார். இன்றைக்கும் ஏலத்தில் அந்தக் கையெழுத்துக்குத் தனி விலை.

இந்தோ பெண்களிடமிருந்து பூங்கொத்தை எடுத்துக்கொண்டு அதை இன்னும் நுணுக்கமாக்கியவர்கள் சீனப் பெரனாக்கான் பட்டறைக்காரர்கள். பெக்கலோங்கானுக்கு அருகில் கெடுங்வுனியில் ஓய் சூ ச்சூன் என்பவரும் அவர் மனைவியும் 1925இல் தொடங்கிய பட்டறையை அந்தக் குடும்பம் பேத்தி காலம் வரை விடாமல் நடத்தி வந்திருக்கிறது. ஒரு துணி முடிய வருடக்கணக்கில் ஆகும்.

துணியில் உண்மையாகவே கதை சொல்லியிருக்கிறார்களா, இல்லை நீங்கள் படித்துக்கொள்வதா?

இரண்டும் உண்டு. சிவப்புத் தொப்பிக்காரச் சிறுமியும் ஓநாயும் வரும் ஐரோப்பியக் கதையை முழுச் சாரோங்கிலும் வரைந்திருக்கிறார்கள். ஸ்னோ ஒயிட்டும் உண்டு. கப்பல், சிப்பாய், பீரங்கி எல்லாம் அணிவகுக்கும் துணி இன்னொன்று. 1894இல் டச்சுப் படை லொம்போக் தீவின் மேல் போர் தொடுத்ததன் படம். உள்ளூர்ப் பெண்கள் மெழுகில் வரைந்து, கலப்புப் பெண்கள் கட்டி, வீட்டில் பிள்ளைக்குச் சோறு ஊட்டும்போது மடியில் ஓநாய் தெரிகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

நேரடியாகப் படம் போடாத கதை இன்னும் அதிகம். நோன்யாக்களிடம் துக்க காலத்துக்கென்று நிற ஒழுங்கு இருந்தது. வெள்ளையில் நீலம் மட்டும் ஏறிய ‘கெலெங்கான்’ துணியைக் கட்டினால் அந்த வீட்டில் ஒரு சாவு நடந்திருக்கிறது என்று தெருவுக்கே தெரியும். பெட்டியில் கெலெங்கான் நிறைய இருக்கிறதா? அந்தப் பாட்டி நிறையப் பேரை வழியனுப்பியிருக்கிறார்.

எவ்வளவு அழகான கலப்பு! இதையே நல்லிணக்கத்தின் அடையாளமாகக் கொண்டாடலாமே?

கொண்டாடுங்கள், ஆனால் ஓரத்துக் கையெழுத்தையும் பாருங்கள். எலிசா பெயர் இருக்கிறது. துணியை வரைந்த ஜாவாப் பெண்கள் ஒருவர் பெயரும் இல்லை. 1930–31இல் வெளிவந்த டச்சு அரசின் பத்திக் தொழில் அறிக்கையே அந்தப் பட்டறைகளில் முன்பணக் கடனில் சிக்கிக் கிடந்த தொழிலாளிகளைப் பற்றிப் பேசுகிறது.

வீட்டுக்குள்ளும் அப்படித்தான். 1854இன் சட்டம் டச்சு இந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், மக்களை ஐரோப்பியர் என்றும் உள்நாட்டவர் என்றும் பிரித்தது. சீனர், அரபியர் போன்றவர்கள் உள்நாட்டவரோடு சேர்த்து வைக்கப்பட்டு, பிறகு அயல் கீழைத்தேசத்தவர் என்று தனிப் பிரிவானார்கள். டச்சுக்காரனோடு மணமின்றி வாழ்ந்த உள்ளூர்ப் பெண்ணுக்கு ‘ஞாய்’ என்று பெயர். அப்பா பிள்ளையைத் தன் பிள்ளை என்று ஏற்றுப் பதிவு செய்தால் அது ஐரோப்பியர். ஏற்காவிட்டால் கம்பத்தில், அதாவது கிராமத்தில், அம்மாவோடு வளரும் உள்நாட்டவர். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு பட்டியலில் போக முடியும். பிள்ளை ஐரோப்பியர் ஆனதும் பெற்ற அம்மாவுக்கு அதன்மேல் உரிமை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. ஆனாலும் அந்த ஐரோப்பிய மகள் வளர்ந்து வீட்டில் கட்டியது அம்மாவின் சாரோங். சட்டம் வெட்டிவிட்டதைத் துணி விடவில்லை என்று சொல்லலாம். எஜமானியின் அலங்காரத்துக்கு மட்டும் அம்மா வீட்டுத் துணி தேவைப்பட்டது என்றும் சொல்லலாம். நான் இரண்டையும் சேர்த்தே சொல்வேன். கலப்பு என்றதும் சரிபாதி என்று மனம் எடுத்துக்கொள்கிறது. சரிபாதியாகக் கலந்த குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

மலாக்கா செட்டிகள் தமிழர்களா? நகரத்தாரா?

நகரத்தார் இல்லை. இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வரும். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார் 19ஆம் நூற்றாண்டில் வட்டித் தொழிலுக்காக இங்கே வந்தவர்கள். குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டு வந்து போனவர்கள். மலாக்கா செட்டிகளின் முன்னோர் அதற்கு நானூறு வருடம் முந்தியவர்கள், மலாக்கா சுல்தான்கள் காலத்து வணிகர்கள். 1511இல் போர்த்துகீசியர் ஊரைப் பிடித்தபோது அவர்களுக்கு வேண்டியவராக இருந்து பெண்டாஹாரா என்ற உயர் பதவி பெற்ற நைனா சாத்து அந்த வணிகக் கூட்டத்தில் ஒருவர்.

தங்கியவர்கள் மலாய், ஜாவா, சீனப் பெண்களை மணந்தார்கள். வீட்டு மொழி மலாயாகிவிட்டது. தமிழ் பேசத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் பெயரோடு பிள்ளை, நாயக்கர், படையாச்சி என்றெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது, மதம் சைவம். மலாக்காவின் பொற்கொல்லர் தெருவில் இருக்கும் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781இல் டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் இவர்கள் எழுப்பியது. காஜா பெராங்கில் இருக்கும் இவர்களின் குடியிருப்பான கம்பொங் செட்டியில் முத்துமாரியம்மன் திருவிழாவை ‘டத்தோ சாச்சார்’ என்பார்கள். சாச்சார் என்றால் அம்மை. சாரோங் கெபாயா போட்டு, கெரோசாங் மாட்டி, நெற்றியில் திருநீறோடு பெண்கள் அம்மன் கோயிலுக்கு வருவதைப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு முதல்நாள் முன்னோருக்கு வாழை இலையில் படைக்கும் சடங்கு ‘பார்ச்சு’. இலையில் நம் சமையலோடு தேங்காய்ப்பால் சோறும் சம்பாலும் வரும்.

தமிழ் தெரியாதவர் எப்படித் தமிழர் என்று இங்கே சில தமிழர்களே முகம் சுளிப்பதைக் கேட்டிருக்கிறேன். மாரியம்மனை நூற்றாண்டுகளாக விடாமல் கும்பிட்டவர்களிடம் போய்ச் சான்றிதழ் கேட்பது நமக்கு அழகில்லை. மலேசியாவில் பூமிபுத்ரா, அதாவது மண்ணின் மைந்தர், தகுதி வேண்டும் என்று அவர்கள் நெடுநாளாகக் கேட்டு வருகிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். இந்த மண்ணில் அம்மா வழி வேர் இருக்கிறது என்பதுதான் அந்தக் கோரிக்கையின் சாரம்.

நம் ஊர்த் துணிக்கும் இந்தத் துணிக்கும் வேறு தொடர்பு உண்டா?

நிறைய. மலேசியாவில் ஆண்கள் வீட்டில் கட்டும் கட்டம் போட்ட கைலிக்கு ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர், அந்தப் பெலிக்காட் நம் பழவேற்காடுதான். 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியதன் முக்கியக் காரணமே துணி. மசாலா வாங்க வெள்ளி கொண்டுபோவதைவிடச் சோழமண்டலத் துணி கொண்டுபோனால் மொலுக்காஸ் தீவுகளில் காரியம் சுலபமாக நடந்தது.

சாயமும் அப்படித்தான். நம் கரையில் சிவப்புக்குச் சாயவேர். ஜாவாவில் ‘மெங்குடு’ வேர். நம் நுணா மரத்தின் சொந்தக்காரன். நீலம் இரண்டு ஊரிலும் அவுரி இனத்துச் செடியிலிருந்து. பத்திக் அலச ஜாவாவில் ‘லெராக்’ காயை ஊற வைப்பார்கள், அது வேறொன்றுமில்லை, பூந்திக்கொட்டை!

அடையாள அட்டையில் எதைப் போடுவது? என் பிள்ளைக்கு அப்பா தமிழ், அம்மா சீனர்.

சட்டப் பதில் சுருக்கம். சிங்கப்பூரில் 2011 ஜனவரி முதல் இரண்டு இனத்தையும் கோடு போட்டுச் சேர்த்து எழுதலாம்: இந்தியர்-சீனர் அல்லது சீனர்-இந்தியர். ஆனால் வீடமைப்புக் கழக வீட்டின் இன ஒதுக்கீடு போன்ற விஷயங்களுக்கு முதலில் எழுதுவதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். மலேசியப் படிவங்களில் பழைய கட்டங்கள்தான்: மலாய், சீனர், இந்தியர், ‘லாயின்-லாயின்’, அதாவது மற்றவர்.

மற்றதற்குப் படிவத்தில் இடமில்லை. வகுப்புக்கு வந்த ஒரு பெண்ணுக்கு அப்பா தமிழ், அம்மா ஹக்கா சீனர். ஊரார் வைத்த பெயர் ‘சிண்டியன்’. தன் வீட்டாரை எப்படிக் கூப்பிடுவாள் என்று அவள் துணியில் எழுதித் தைத்தாள். ஒரு வரிசையில் பாட்டி, அத்தை, சித்தப்பா. எதிர் வரிசையில் போபோ, கூங்கூங் என்று சீனப் பாட்டியும் தாத்தாவும். நடுவில் ‘மா’ என்று ஒரே எழுத்து, தமிழ் எழுத்தில். அது அம்மாவா, சீன மாவா என்று கேட்டேன். “ரெண்டுக்கும் அவங்க திரும்பிப் பார்ப்பாங்க” என்றாள்.

நான் கலப்பினம் இல்லை. கெபாயா போடலாமா?

தாராளமாக. 2024 டிசம்பரில் புரூணை, இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய ஐந்து நாடுகளும் சேர்ந்து விண்ணப்பித்து கெபாயாவை யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றினார்கள். ஒரு நாட்டுக்கு மட்டும் சொந்தம் என்று யாராலும் சாதிக்க முடியாத உடை. சிங்கப்பூர் விமானப் பணிப்பெண்களின் பிரபலமான சாரோங் கெபாயாவை 1968இல் வடிவமைத்தவரே பியேர் பால்மேன் என்ற பிரெஞ்சுக்காரர். ஒன்றே ஒன்று: மூதாதையர் படையலுக்கோ துக்கத்துக்கோ போகும்போது எந்த நிறம் பொருந்தும் என்று அந்த வீட்டுப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பாட்டியின் சாரோங் ஒன்று பெட்டியில் கிடைத்தது. கையால் வரைந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அழுத்தத்தில் நிறம் இருந்தால் மெழுகு பத்திக். பின்பக்கம் வெளுத்திருந்தால் அச்சடித்த துணியாக இருக்கலாம். அடுத்து, ஒரே பூ திரும்ப வரும் இரண்டு இடங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போனால் செப்பு அச்சால் மெழுகு வைத்தது. அந்த முறை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வந்தது. கொஞ்சம் கொஞ்சம் மாறினால் கை. மூலைகளில் கையெழுத்தோ பட்டறை முத்திரையோ இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் தேடுங்கள்.

அவசரப்பட்டுத் துவைக்க வேண்டாம். சலவைத்தூள் கூடவே கூடாது. பழுப்பு நிறக் கறை அழுக்காகத் தெரியும். பாட்டி வெற்றிலை போட்டவராக இருந்தால் அதுவும் வரலாறு. ஒரே மடிப்பில் வருடக்கணக்கில் வைத்தால் அந்தக் கோட்டில் கிழியும், அதனால் அமிலம் இல்லாத தாளோடு உருளையில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை, துணிமேல் நேரடியாக அந்துருண்டை, இரண்டும் வேண்டாம்.

அப்புறம் மிக முக்கியம்: யார் கொடுத்தார், எப்போது கட்டுவார், எதற்குக் கட்டவே மாட்டார் என்று வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கூடவே வைத்துவிடுங்கள். கதை தெரியாத துணியை அருங்காட்சியகக்காரர்கூட ‘பெக்கலோங்கான், 20ஆம் நூற்றாண்டு’ என்று எழுதி முடித்துவிடுவார்.

எங்கள் வீட்டில் பழைய துணி எதுவுமே இல்லை. தையலும் வராது. நான் என்ன செய்ய?

ஓட்டுத் தையல் தெரிந்தால் போதும், ஊசியை உள்ளே விட்டு வெளியே எடுக்கத் தெரியும்தானே? துணிக்குப் புதையல் தேட வேண்டாம். அப்பாவின் கிழிந்த கைலி, அம்மாவின் பழைய பைஜாமா, பள்ளிச் சீருடை, திரைச்சீலை எல்லாம் ஆகும்.

சாரோங்கின் அமைப்பையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். தலைப் பட்டையில் வெளியாட்கள் உங்களைப் பார்த்ததும் என்னவென்று நினைக்கிறார்களோ அதை வையுங்கள். உடல் பகுதியில் வீட்டுக்குள் நடப்பது: எந்தச் சாமி படம் எங்கே, திட்டு எந்த மொழியில், சோறா மீ நூடுல்ஸா, திருவிழா எத்தனை. விளிம்பில், பெயர் தெரியாத முன்னோர். அவர்களுக்கு முகமோ கற்பனைப் பெயரோ தைக்காதீர்கள். ஒரு வெற்றுக் கட்டம் விடுங்கள், அதுதான் நேர்மை. இதை மட்டும் நான் கறாராகச் சொல்வேன், ஏனென்றால் அழகான பொய்ப் பாட்டியை உருவாக்கிவிட்டால் உண்மையான பாட்டியைத் தேடும் ஆசை போய்விடுகிறது.

தைக்கும்போது வாய் சும்மா இருக்காது. கேமராவை வைத்துப் பேட்டி எடுத்தால் விறைத்துப்போகும் பெரியம்மா, கையில் ஊசியும் பார்வை துணியிலும் இருக்கும்போது இருபது வருடம் சொல்லாததைச் சொல்லிவிடுவார். அந்த நேரத்தில் செல்போனில் பதிவு செய்ய வேண்டுமென்றால் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள்.

பெரியவர்கள் அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பேசவே மறுக்கிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?

வேண்டாம். வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் இருக்கிறார்கள், செத்த பிறகும் முகம் பார்க்க அனுமதிக்கப்படாதவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கதையைச் சொல்வதா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. கல்யாணத்தைக் கேட்காமல் கல்யாணப் புடவையைக் கேட்டுப் பாருங்கள். என்ன நிறம், யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று. யாருமே எடுத்துக் கொடுக்கவில்லை என்று பதில் வந்தால் அதற்கு மேல் தோண்டாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து தையுங்கள்.

மரபணுச் சோதனை செய்தால் எல்லாம் தெரிந்துவிடாதா?

சதவீதம் தெரியும். அந்தச் சதவீதம் எப்போது வெற்றிலை போட்டது, யாரோடு பேசாமல் இருந்தது என்று தெரியாது.

இந்தத் துணிகளை எங்கே நேரில் பார்க்கலாம்?

சிங்கப்பூரில் ஆர்மீனியன் தெருவில் பெரனாக்கான் அருங்காட்சியகம், பழைய தாவ் நான் பள்ளிக் கட்டடத்தில். 2023இல் புதுப்பித்துத் திறந்தார்கள். லிட்டில் இந்தியாவில் இந்திய மரபுடைமை நிலையம். 2018இல் மலாக்கா செட்டிகளைப் பற்றித் தனிக் கண்காட்சி நடத்தியவர்கள். மலாக்காவில் துன் டான் செங் லோக் சாலையில் இருக்கும் பாபா நோன்யா வீட்டு அருங்காட்சியகம், கம்பொங் செட்டிக்குள் இருக்கும் சின்ன செட்டி அருங்காட்சியகம் இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம். செட்டி அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டு போங்கள். பெக்கலோங்கான் வரை போக முடிந்தால் அங்கே 2006இல் திறந்த பத்திக் அருங்காட்சியகம் இருக்கிறது. மெழுகுக் குழலைக் கையில் கொடுத்து வரையவும் விடுவார்கள். மேல்சட்டை பழையதாகப் போட்டுக்கொண்டு போங்கள், மெழுகு சொட்டினால் போகாது.